பதினேழாம் புள்ளிக்குச் சொந்தக்காரி

இஷோமானா,
ஆகஸ்ட் 11, 2019

சொரைமா,

காலையில் எழுந்ததும் எதிரில் வருபவரிடம் "என்ன கனவு கண்டாய்?" என்று கேட்காமல் நான் வேறு பேச்சைத் தொடங்கியதில்லை. உன்னிடம் இன்று கேட்கப் போவதில்லை. அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன்.

ஊரிபியாவில் உன் பயிற்சி வகுப்பிலிருந்து எழுந்து வந்து நான்கு நாளாகிறது. தண்ணீர் லாரி ஓட்டும் ஒலேகாரியோதான் ஏற்றிக்கொண்டு வந்தான். "என்னக்கா, படிப்பு அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று வாயைக் கொடுத்தான். "முடிஞ்சிடுச்சுடா, இனிமே நீதான் வானத்துல ஏறி மண்ணைப் பாக்கணும்" என்றேன். ஊர் வரும் வரை ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தான், பாவம்.

பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். பத்துப் பேரும் ஆடு மேய்க்கிறவர்கள். நாற்காலியில் உட்கார்ந்தே முதுகு வலித்தவர்கள். அத்தனை பேர் முன்னால் என் படிவத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினாய். பெயரை மறைத்துவிட்டாயாம். என் எண்கள் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து படுக்கும் என்று யாருக்குத் தெரியாது? "போகாத இடத்துக்குப் போனதாக எழுதினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்" என்றாய். நம் பெரியம்மா மகள் ருபேர்த்தா சத்தமாகவே சிரித்தாள்.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் பெரிய மனிதர் ஒருவரைத் தூது அனுப்பி நியாயம் கேட்டு, இந்நேரம் நாலு ஆடு ஈடாக வாங்கியிருப்பேன். கூடப்பிறந்தவளிடம் யாரை அனுப்புவது?

மேட்டில் ஏறினால் போன் எடுக்கும். ஆனால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

கனவைப் பற்றிப் பேசமாட்டேன் என்றேன். மனசு கேட்கவில்லை. நேற்று விடியலில் நீ வந்தாய். தலை முழுக்க ஈரம். சுடுகிற வெயிலில் எங்கேயோ நடந்து போகிறாய். கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. எழுந்ததும், கெட்ட கனவு கழிய நான் போய்க் குளித்துவிட்டு வந்தேன். நீயும் ஒரு முறை விடியலில் குளித்துவிடு.

எனில்தா


ரியோஹாச்சா,
ஆகஸ்ட் 19

அக்கா,

ஒலேகாரியோ அலுவலக வாசலில் வந்து நின்றுகொண்டு, "உங்கக்கா பதில் வாங்காம வராதேன்னாங்க" என்கிறான். லாரியை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறான். ஹாரன் காதைக் கிழிக்கிறது. அதனால் வேகமாக எழுதுகிறேன்.

உன் படிவத்தைச் சுவரில் காட்டியது தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ செய்ததும் தப்பு.

ஐந்து நாளைக்கு ஒரு முறை அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் போகிறது. மண் எங்கே செத்துக்கொண்டிருக்கிறது, எங்கே உயிர் பிடித்திருக்கிறது என்று நிறத்தில் சொல்கிறது. அது சொல்வது சரியா என்று யாராவது காலால் நடந்துபோய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் உங்கள் பத்துப் பேருக்கும் பயிற்சி. இஷோமானாவுக்கு, போய்ப் பார்க்கப் படத்தில் குறித்த இருபது புள்ளிகள். பத்தொன்பதை நீ எழுதியிருக்கிற அழகுக்கு உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பதினேழில் மட்டும் "வெறுந்தரை, கல், புல் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். மேலிருந்து பார்த்தால் சுற்றுவட்டாரத்திலேயே அங்கேதான் அடர்ந்த பச்சை!

ஒன்று பொய்யானால் இருபதும் சந்தேகம். அதனால் படத்தில் இஷோமானாவைச் சாம்பல் நிறமாக்கிவிட்டார்கள். 'தகவல் இல்லை' என்று அர்த்தம். சாம்பல் நிறத்துக்குக் காற்றாடி வைத்து இறைக்கும் கிணறு கிடையாது. நாற்பது வீட்டுக்கும் இன்னும் எத்தனை வருஷம் ஒலேகாரியோவின் லாரியையே பார்த்துக்கொண்டு நிற்பது? அக்டோபர் பதினைந்துக்குள் பதினேழை யாராவது நேரில் பார்த்து எழுதினால் கிணறு. இல்லையென்றால் இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் நம் வீட்டைத் திரையில் திறந்து பார்ப்பேன். வீடு ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. உன் ஆட்டுப்பட்டி மட்டும் வெளிறித் தெரியும். அந்த உயரத்தில் ஒரு சத்தமும் இல்லை. கத்தாத ஆடுகள், குரைக்காத நாய். பார்த்துக்கொண்டே இருந்தால் நான் மிதப்பது போல இருக்கும்.

கனவு கேட்டிருந்தாய், கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே. எனக்குக் கனவு வருவதில்லை அக்கா. ஒன்பது வயதில் கன்னியர் விடுதிக்கு வந்தேனே, அன்றோடு நின்றுவிட்டது. அங்கே காலையில், படுக்கையை மடித்தாயா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

சொரைமா


இஷோமானா,
ஆகஸ்ட் 30

சொரைமா,

சோம்பேறித்தனத்தால் எழுதினேன் என்று நினைத்தாயா? பத்தொன்பது இடத்துக்கு நடந்தவளுக்கு இருபதாவது கசக்குமா?

அது புலோவியின் இடம்.

விடுதியில் வளர்ந்தவளுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மழையான் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அவனுக்கு எத்தனை பெண்டாட்டிகளோ, கணக்கில்லை. அவர்களில் எங்கும் நகராமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவள் புலோவி. அவள் இருக்கும் பள்ளத்துக்குள் ஆட்டை ஓட்டமாட்டோம், விறகு ஒடிக்கமாட்டோம், காலும் வைக்கமாட்டோம். வைத்தவர்கள் வந்ததில்லை. அங்கே பச்சையாக இருப்பது எனக்கு உன் செயற்கைக்கோளுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் வெறுந்தரை என்று எழுதினேன். பச்சை என்று எழுதினால் அரிவாளோடு நாலு பேர் கிளம்புவார்கள்.

இன்னொன்று. லிசாண்ட்ரோ மாமா மராகாய்போவில் இருக்கிறார் என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். உனக்கு அப்போது நான்கு வயது; தோளில் தூக்கிவைத்து ஆடிய மாமா எங்கே என்று அழுதுகொண்டே இருந்தாய், அதனால் சொன்னாள். எனக்குப் பன்னிரண்டு. ஓடிப்போன கோவேறு கழுதையைத் தேடி அவர் போனார். மறுநாள் அம்மாவும் நானும் அடி பார்த்துப் போனோம். மணலில் அவர் காலடி அந்தப் பச்சை வரைக்கும் தெளிவாக இருந்தது. திரும்பிய அடி இல்லை. அம்மா என் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன? நூறு அடி தள்ளினால் போதும். உன் இயந்திரத்துக்கு என்ன குறைந்துவிடும்?

எனில்தா


ரியோஹாச்சா,
செப்டம்பர் 8

அக்கா,

மராகாய்போவில் நான் மூன்று வருஷம் படித்தேன். பஸ்ஸில், சந்தையில், தொப்பி போட்ட கிழவர்கள் யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு நேரே போய் நின்று பார்ப்பேன். ஒருவர் என்னைத் திருடி என்று நினைத்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷம்! உன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாதா?

புள்ளியைத் தள்ள முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சோளத்தை வீசுவது போல அது தானாக விழுந்தது. பிடிக்காத இடத்திலிருந்து ஆளாளுக்கு நூறு அடி தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் கையில் இருப்பது நிலத்தின் படமாக இருக்காது, நம் ஆசையின் படமாக இருக்கும். வகுப்பில் முதல் நாள் நான் சொன்னது இதுதான்.

அந்தப் பள்ளத்தை இருபது வருஷப் படங்களில் பின்னோக்கிப் பார்த்தேன். 2014, 2015 ஞாபகம் இருக்கிறதா? உன் ஆடுகள் அட்டைப் பெட்டியைத் தின்ற வருஷங்கள். மொத்த நிலமும் காய்ந்த தோல் நிறத்தில் கிடக்கிறது. நடுவில் இது மட்டும், யாரோ பக்கவாட்டில் படுத்துத் தூங்குவது போல, பச்சையாக. மழை வந்த வருஷத்திலும் அது பெரிதாகவில்லை, வராத வருஷத்திலும் சிறிதாகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு விடுவது போலவே தெரிகிறது. நேற்று சாப்பிடக்கூட மறந்துவிட்டேன்.

மாமா அங்கேதான் போனார் என்றால் நான் பார்க்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி அலுவலக வண்டியில் வருகிறேன். பதினேழை நானே எழுதுகிறேன். நீ வீட்டில் இரு.

சொரைமா


இஷோமானா,
செப்டம்பர் 21

சொரைமா,

நீ வர வேண்டாம். நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மூன்று நாளும் அதே கனவு. அதே ஈரத் தலை. நான்காம் நாள், நீ போவதைவிட நான் போவது மேல் என்று முடிவு செய்தேன். எனக்கு அங்கே மாமா மட்டும்தான். நீயும் போய்விட்டால் இரண்டு பேர்.

முகம் கருகாமலிருக்கச் செம்பொடி பூசிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு போனேன். நாய் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. போனில் நீ ஏற்றித் தந்த பெண் குரல் வழி சொல்லிக்கொண்டே வந்தது. பள்ளத்தின் விளிம்பில் "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றாள். அவளுக்கு என்ன, அவள் போனுக்குள் இருக்கிறாள்.

உள்ளே குளிர்ச்சி சொரைமா. செப்டம்பர் வெயிலில் குளிர்ச்சி! புல் முழங்கால் வரை. கருவேலம் இங்கே முள்ளாக நிற்கிறதே, அங்கே கிளை தாழ்ந்து நிழல் போட்டு நிற்கிறது. பறவைகள் என்னைப் பார்த்துப் பறக்கவில்லை. ஆளைப் பார்த்துப் பயப்பட அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போல. இலைகளிலிருந்து என்னமோ சொட்டியது. கொஞ்ச நேரத்தில் என் தலை முழுக்க நனைந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, கனவில் நான் பார்த்தது முதுகை மட்டும்தானே. அது நீயாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

நீ சொல்லிக்கொடுத்தபடியே கயிற்றால் சதுரம் போட்டேன், அதற்குள் செடிகளை எண்ணினேன், மண்ணைத் தோண்டினேன். மண் மணிக்கட்டு ஆழம் வரை கறுப்பு. பிடித்தால் கையில் ஒட்டுகிறது. செடி பதினான்கு வகை. அதில் ஐந்துக்கு எனக்குப் பெயர் தெரியாது. நம்மில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான்கு திசைக்கும் படம் எடுக்கச் சொல்லியிருந்தாய். மூன்றுதான் இருக்கிறது. மேற்கே எடுக்கவில்லை. எடுத்ததாகவும் எழுதவில்லை, கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்காதே. மேலிருந்து பார்க்கிறவன் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும்.

படிவம் இதோடு இருக்கிறது. கிணற்றை வாங்கிக் கொடு.

எனில்தா


ரியோஹாச்சா,
அக்டோபர் 7

அக்கா,

படிவத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். "தூசி" என்றேன். குளிர்சாதன அறையில் தூசி.

மேற்குப் படம் இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள். இருபது புள்ளியும் சரி. இஷோமானாவுக்கு நிறம் வந்துவிட்டது. பத்துப் பேரில் உன் எழுத்துதான் சிறந்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். நீ வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. மீதியையும் கேள்.

கிணறு போடும் பொறியாளர் உன் படிவத்தை இரண்டு முறை படித்தார். கறுப்பு மண், ஈரம், சொட்டும் இலை. "இவ்வளவு தெளிவா யாரும் எழுதிக் குடுத்ததில்ல. துளை போடற போர் வண்டியை நேரா இங்கயே கொண்டுபோயிடலாம்" என்று பதினேழைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டார். அங்கே வண்டி போகப் பாதை வெட்ட வேண்டும். மரம் எடுக்க வேண்டும். இஷோமானாவில் மற்ற இடமெல்லாம் உப்புத் தண்ணீர் என்று பழைய சோதனைகள் சொல்கின்றன. நானும் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டேன், அவர் சொல்வது சரிதான்.

பயிற்சி கொடுத்தவள் என்று கிணற்று அனுமதித் தாளில் நான் இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீ பொய் எழுதியபோது அந்த இடம் பத்திரமாக இருந்தது. உண்மையை எழுத வைத்தது நான். என்ன செய்யட்டும், சொல்.

சொரைமா


இஷோமானா,
அக்டோபர் 12

சொரைமா,

உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நாற்பது வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். காபிப் பானை இரண்டு முறை காலியானது.

கடைசியில் ருபேர்த்தாதான் பேசினாள். "புலோவிக்குக் கோபம் வந்தா வரட்டும். எனக்கு முப்பது ஆடு செத்துச்சே, அப்ப அவளுக்கு இரக்கம் வந்துச்சா? என் பேத்தி லாரித் தண்ணியக் குடிச்சிட்டு வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கறா. தண்ணி எங்க இருக்கோ அங்க தோண்டு" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. வேறு சிலர் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் தப்பில்லை. முடிவெடுக்காமலே கலைந்துபோனோம்.

என்னிடம் கேட்கிறாய். போர் வண்டி வந்தால் நான் குறுக்கே படுக்கமாட்டேன். ஆனால் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நுழைவதற்கு முன்னால் சத்தம் போட்டுச் சொன்னேன்: "ஒரு குச்சிகூட எடுக்கமாட்டேன். எண்ணிக்கிட்டு மட்டும் போயிடறேன்." அப்புறம்தான் கால் வைத்தேன். என்னை வெளியே விட்டாள். நாம் கொடுத்த வார்த்தைக்கு நாம் என்ன மதிப்பு வைத்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். எண்ணிக்கையை மட்டும் எடுத்து வந்தேன் என்று நினைத்தேன். எண்ணிக்கையோடு எல்லாமே வந்துவிடும் என்று நீ வகுப்பில் சொல்லித்தரவில்லையே.

உன் கையெழுத்து உன்னுடையது. நான் சொல்ல மாட்டேன்.

எனில்தா


ரியோஹாச்சா,
அக்டோபர் 23

அக்கா,

அந்தத் தாளில் 'நில உரிமையாளர் சம்மதம்' என்று ஒரு வரி இருக்கும். பொதுவாக யாரும் நின்று படிக்காத வரி. அதில் "சம்மதிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேலதிகாரி கூப்பிட்டார். "யாரு அந்த உரிமையாளர்?" "புலோவி." "குலப்பேரு?" "கிடையாது." "அடையாள அட்டை எண்?" முதலில் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நல்ல மனிதர்தான். "பயிற்சி குடுக்கற நீயே இப்படி எழுதினா, அந்தப் பத்துப் பேரும் என்ன எழுதுவாங்க?" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். நான் எழுதியது பொய் இல்லை என்று மட்டும் சொன்னேன். உன் படிவத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை அக்கா. பதினான்கு வகைச் செடியும் அப்படியே இருக்கின்றன.

போர் வண்டி கெப்பேஷோனுக்குப் போகிறது. இஷோமானாவிலிருந்து மூன்று மணி நேர நடை. வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கோப்பறையில் பழைய படங்களை அடுக்குகிறேன். டிசம்பரோடு அதுவும் இல்லை.

நேற்று மதியம் மேசையில் தலை சாய்த்தவள் தூங்கிவிட்டேன். கனவு வந்தது! மேலிருந்து நம் வீட்டைப் பார்க்கிறேன், வழக்கம் போல. அப்புறம் மெதுவாக இறங்குகிறேன். கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே வந்து ஒவ்வொன்றாகக் கரைந்துபோயின. ஆடுகள் கத்தின. நீ வாசலில் நின்று, "என்ன கனவு கண்ட?" என்று கேட்கிறாய். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், விழித்துவிட்டேன். கன்னத்தில் கோப்பின் அடையாளம்.

வீட்டுக்கு வர ஆசையாக இருக்கிறது. ஆனால் நாற்பது வீட்டுத் தண்ணீரை ஒரு வரியில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டவள் எந்த முகத்தோடு வருவது? ருபேர்த்தாவின் பேத்தி எப்படி இருக்கிறாள்?

சொரைமா


இஷோமானா,
நவம்பர் 28

சொரைமா,

மழையான் வந்தான். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய்விட்டான். குட்டை பாதி நிறைந்திருக்கிறது, ஜனவரி வரை ஆடுகளுக்குப் போதும். மனிதர்களுக்குப் போதாது.

கெப்பேஷோனில் காற்றாடி சுற்றுகிறது. நல்ல தண்ணீர், உப்பே இல்லை. ருபேர்த்தாவின் பேத்திக்கு வயிறு சரியாகிவிட்டது, அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிந்ததும் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போகிறோம். போகிற மூன்று மணி நேரமும் உன்னைத்தான் திட்டுகிறார்கள். ருபேர்த்தா தொடங்கிவைப்பாள், மற்றவர்கள் ஆளுக்கொன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். உன் படிப்பு, உன் நடை, நாலு வயதில் நீ அழுத அழுகை வரைக்கும் போகும். வரும்போது குடம் கனப்பதால் கொஞ்சம் குறையும். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். இல்லையென்றால் தனியாக நடக்க வேண்டும். அதோடு, நிஜமாகவே கோபமும் இருக்கிறது. மூன்று மணி நேரம் நடந்து பார்த்தால் உனக்கும் வரும்.

ஆனால் ஒன்று. அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போகும்போது மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ருபேர்த்தாவும்தான். பச்சை அப்படியே நிற்கிறது. உள்ளிருந்து குளிர்ச்சி வந்து முகத்தில் படும். கொஞ்ச தூரம் போனதும் அவளே தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பிப்பாள்.

எந்த முகத்தோடு வருவது என்று கேட்டிருந்தாய். இருக்கிற முகத்தோடு வா. வெள்ளிக்கிழமை ஒலேகாரியோவின் லாரியில் முன் இருக்கையைப் பிடித்து வைத்திருக்கிறேன். வந்து நேரில் வாங்கிக் கட்டிக்கொள். உனக்கென்று ஒரு கழுதையும் நான்கு குடமும் ஒதுக்கியாகிவிட்டது. எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், உனக்குத் தினமும் நடை என்று பெண்கள் எல்லோரும் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். முதலில் கை தூக்கியது நான்தான்.

எனில்தா